நகைப்பின் விலை நூறு பவுன்!

சென்ற திங்களில் ஒரு நாள் காலை வகுப்பறைக்குள் நுழைந்தோம். வழக்கமான இரைச்சல் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவர்களின் அமைதி! கரும்பலகையைப் பார்த்தோம். அங்கே நாமே நின்றுகொண்டிருந்தோம்! சுண்ணக்கட்டியால் தீட்டப்பட்ட நம் உருவம். வாய் முறத்தின் அகலம், செவி எள்ளின் அளவு! பெயர் எழுதப்படவில்லை, எழுதத் தேவையும் இருக்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு சிறுவனின் விரல் நுனியில் வெண்பொடி ஒட்டிக் கிடந்தது. நாற்பது பிள்ளைகளும் நம் முகத்தையே நோக்கிக்கொண்டிருந்தனர். இந்த மனிதர் இப்போது என்ன செய்யப் போகிறார்?

நண்பகலில் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னோம். ஒருவர், "தலைமையாசிரியர் முன் கொண்டுபோய் நிறுத்துங்கள்" என்றார். மற்றவர் மூத்தவர், வரலாறு கற்பிப்பவர். அவர் புன்னகை புரிந்தார். "தம்பி! வெள்ளைக்காரனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். நாடாளும் இளவரசனையே திமிங்கிலமாக வரைந்து கடைச் சன்னலில் தொங்கவிட்டான், அவனும் பொறுத்துக்கொண்டான். அந்தப் பெருந்தன்மைதான் அவர்களை உலகாள வைத்தது. பையனைத் தண்டிக்காதீர்கள். வகுப்புத் தலைவனாக ஆக்கிவிடுங்கள். அப்புறம் படம் வரையவே மாட்டான்!"

என்னே அறிவுரை! முதல்வரிடம் கோபம் இருந்தது. மூத்தவரிடம் கூர்மை இருந்தது. பெருந்தன்மையைப் புகழ்ந்த அதே நாக்கு, மூச்சு விடுவதற்குள் விலை பேசியதே, அதைத்தான் நாம் எண்ணி எண்ணி வியந்தோம். பிரிட்டிஷ் கேலிச் சித்திரத்தின் நூறாண்டு வரலாறு முழுவதையும் அப்பெரியவர் தம்மை அறியாமலே சொல்லி முடித்துவிட்டார். எப்படி என்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெருந்தன்மைக் கதையை நாமும் கல்லூரியில் கேட்டவர்கள்தாம். பிரான்சில் லூயி பிலிப் மன்னரைப் பெருந்தீனிக்காரனாக வரைந்த டோமியே 1832இல் சிறையில் தள்ளப்பட்டார். இங்கிலாந்திலோ ஓவியன் மன்னனை எப்படி வேண்டுமாயினும் வரையலாம். மன்னனும் சிரித்துவிட்டுப் போவான் என்பார்கள். எவ்வளவு இனிய கதை! எவ்வளவு பெரிய பொய்! பொறுமை என்பது தண்டிக்க முடிந்தும் தண்டியாது விடுவது. தண்டிக்க முயன்று, முயன்ற இடத்திலெல்லாம் மூக்கறுபட்டு, வேறு வழியின்றிப் பணப்பையை அவிழ்த்தவனுக்குப் பொறுமைசாலி என்று பட்டமா?

இலண்டன் மாநகரில் செயின்ட் ஜேம்ஸ் வீதி. அங்கே 27ஆம் எண் கட்டடத்தில் ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண்மணியின் படக்கடை. மாடியில் குடியிருந்தவர் ஜேம்ஸ் கில்ரே, 1756இல் பிறந்தவர். செப்புத் தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலத்துக்கு இரையாக்கி, மை தடவித் தாளில் ஒற்றியெடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் கையாலேயே வண்ணம் தீட்டி விற்றார்கள். வண்ணப் படம் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங். வாரம் முழுதும் நிலத்தில் உழைத்தவன் பத்து ஷில்லிங் காண்பதே அரிதாயிருந்த காலம்! ஆகவே வாங்கியவர்கள் செல்வர்கள். ஆனால் சன்னலுக்குக் கட்டணம் இல்லையே! படம் மாற்றப்படும் நாளெல்லாம் கண்ணாடிக்கு முன்னே கூட்டம். கோமானும் கூலியாளும் தோளோடு தோள் உரச நின்று ஒரே படத்தைப் பார்த்து ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அந்த நாட்டின் ஆலயங்களிலும்கூடச் செல்வனுக்குத் தனி இருக்கை உண்டு; அந்தச் சன்னலின் முன் இல்லை!

கில்ரே அமைச்சர் தலைவர் வில்லியம் பிட்டை 1791இல் எப்படி வரைந்தார் தெரியுமா? குப்பைமேட்டில் முளைத்த நாய்க்குடையாக! அந்தக் காளானின் வேர் ஓடுவது எங்கே? மன்னனின் மணிமுடிக்குள்! பக்கம் பக்கமாக எழுதி விளக்க வேண்டிய அரசியலை ஒரு காளான் சொல்லிவிட்டது. இவன் ஆற்றலால் வளர்ந்தவன் அல்லன், அரண்மனை எருவில் தழைத்தவன் என்பதைப் படிக்கத் தெரியாதவனும் படித்துக்கொண்டான்.

இதற்கு வழக்குத் தொடுக்கலாமே என்பீர்கள். அங்கேதான் சங்கடம். எழுத்தைக் குற்றம் சாட்டுவது எளிது. படத்தைக் குற்றம் சாட்டுவது எப்படி? "மன்றத்தில் காட்டப்படும் இந்தக் காளான் எங்கள் அமைச்சர் தலைவரே, இந்தத் தொந்தி எங்கள் இளவரசருடையதே" என்று அரசு வழக்கறிஞரே எழுந்து உறுதி கூற வேண்டுமல்லவா? ஒப்புமையை ஒப்புக்கொண்டால் வழக்குமன்றமே சிரிக்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால் வழக்கே இல்லை! மேலும் 1792இல் ஃபாக்ஸ் கொணர்ந்த சட்டத்துக்குப் பின், ஒரு வெளியீடு அவதூறா அன்றா என்று தீர்மானிக்கும் உரிமை நீதிபதியின் கையைவிட்டு நடுவர் பன்னிருவர் கைக்குப் போயிருந்தது. அந்தப் பன்னிருவரும் சன்னல் முன் நின்று சிரித்த நகரத்து மக்கள்! ஆட்சியாளர் அடங்கியிருந்தது அருளால் அன்று, அச்சத்தால்.

அரசியல் குற்றம் என்று சொன்னால் நிற்காது. அப்படியானால் ஆண்டவனை அழையுங்கள்! இது எல்லா நாட்டு ஆட்சியாளரும் அறிந்த பழைய வித்தை. 1796இல் வேல்ஸ் இளவரசருக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையின் முன் அரசியல்வாதிகள் அடிபணிவதை, ஏசுவைக் காண வந்த ஞானிகளின் காட்சி போல் கில்ரே வரைந்தார். உடனே 'தெய்வ நிந்தனை' என்று வழக்கு எழுந்தது. யாருக்கு வலித்தது? தேவனுக்கா, தேவனின் பெயரைச் சொல்லிக் குனிந்தவர்களுக்கா? வழக்கு தண்டனைவரை போகவில்லை. மறு ஆண்டு, 1797இல், கில்ரேயின் கைக்கு ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை வரத் தொடங்கியது. மறைவாக, பிட்டின் அரசிடமிருந்து! இடையில் நின்று இணக்கம் செய்தவர் ஜார்ஜ் கேனிங் என்ற இளம் அரசியல்வாதி. கில்ரேயின் படத்தில் தம் முகமும் இடம்பெறாதா என்று ஏங்கியவர் அவர். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மீண்டும் இருமுறை வரும்.

பணம் வாங்கியதால்தான் கில்ரேயின் எழுத்தூசி எதிர்க்கட்சிமேல் பாய்ந்தது என்று நாம் சொல்லவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின் குருதி அவரை முன்பே அச்சுறுத்தியிருந்தது. ஆனால் சீர்திருத்தம் கேட்டவனையெல்லாம் தலைவெட்டியாகத் தீட்டிய அந்த ஆண்டுகளில், நாய்க்குடையின் நினைவு அவருக்கு வரவேயில்லை. 1801இல் பிட் பதவி விலகினார், தொகையும் நின்றது. 1805இல் வந்த படத்தைப் பாருங்கள்! உணவு மேசைமேல் உருண்டையான இனிப்புப் பண்டம், அதுதான் நிலவுலகம். ஒருபுறம் நெப்போலியன் வாளால் ஐரோப்பாவை வெட்டுகிறான். மறுபுறம் ஒட்டி உலர்ந்த பிட், கடலைத் தம் பக்கம் அள்ளிக்கொள்கிறார். இருவர் கண்ணிலும் ஒரே பசி! யார் வீட்டுப் பண்டம்? யாரைக் கேட்டு வெட்டினார்கள்? தொகை நின்றபின் வந்த இந்தப் படமே அவர் படங்களுள் புகழ்மிக்கது என்றால், அது தற்செயலா? முடிவு துன்பமானது. கடைசி ஆண்டுகளில் அறிவு கலங்கி, 1815இல் மறைந்தார் அம்மாபெருங் கலைஞர்.

இனி ஏழைப் புத்தக வணிகர் ஒருவரைப் பார்ப்போம். பெயர் வில்லியம் ஹோன். 1817இல் அவர் வெளியிட்ட மூன்று சிறு நூல்கள், தேவாலய வழிபாட்டு மொழியின் நடையிலேயே அமைச்சர்களை எள்ளி நகையாடின. அவற்றுள் ஒன்று, வேலையின்றிச் சம்பளம் வாங்குவோரின் நம்பிக்கை அறிக்கை! குத்து விழுந்தது அமைச்சர்கள் முதுகில். அலறியதோ அவர்கள் ஏந்திய வேதப்புத்தகம்! மீண்டும் 'தெய்வ நிந்தனை'. சிறையில் கிடந்தார். டிசம்பர் 18, 19, 20 ஆகிய மூன்று நாட்கள், நாளொன்றுக்கு ஒரு வழக்காக மூன்று வழக்குகள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை, தாமே வாதாடினார். உடல் நலமில்லை, ஆயினும் நாள்தோறும் பல மணிநேரம் நின்றபடியே பேசினார்.

வாதம் என்ன? எளிய வாதம். பழைய புத்தகங்களைச் சுமந்துவந்து மேசைமேல் அடுக்கினார். ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். "இதோ, மார்ட்டின் லூதரும் வேத மொழியைப் போலி செய்திருக்கிறார். இதோ, ஆயர்கள் செய்திருக்கிறார்கள். இதோ, அமைச்சர் கேனிங்கும் தம் இளமையில் செய்திருக்கிறார்! அவர் அமைச்சரவையில்; நான் குற்றவாளிக் கூண்டிலா?" என்பதே அவர் கேள்வியின் சாரம். ஆம், அதே கேனிங்தான்! அப்போது அவர் வகித்த பதவி எது? கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியை மேற்பார்க்கும் கட்டுப்பாட்டுக் குழுவின் தலைமை! மன்றத்தில் சிரிப்பொலி. முதல் நாள் விடுதலை. வெகுண்டெழுந்த தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபு, நோயையும் பொருட்படுத்தாது மறுநாள் தாமே வந்தமர்ந்தார். இது நிந்தனையே என்று நடுவர்களுக்கு எடுத்துரைத்தார். இரண்டாம் நாளும் விடுதலை! மூன்றாம் நாள் அரைமணிக்கும் குறைந்த நேரத்தில் விடுதலை! வீதியெங்கும் ஆரவாரம். எல்லன்பரோ மறு ஆண்டு பதவி துறந்து, அவ்வாண்டு இறுதியிலேயே காலமானார். ஹோனின் விடுதலையே அவரை வீழ்த்தியது என்று ஊர் பேசிற்று.

சட்டம் தோற்றது. சிரிப்பு வென்றது. இதுவா அரசின் பெருந்தன்மை? மும்முறை அடிக்க ஓங்கிய கையை மும்முறையும் பிடித்து நிறுத்தியவர்கள் நகரத்துக் குடிமக்கள். பாராட்டு மாலையை அவர்கள் கழுத்துக்குப் போடாமல், ஓங்கிய கைக்கு அணிவிப்பது எந்த ஊர் நியாயம்?

வென்ற சிரிப்பு என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஹோனுடன் கைகோத்தவர் ஜார்ஜ் குரூக்‌ஷாங்க் என்ற இளைஞர், 1792இல் பிறந்தவர். இளவரசரைத் திமிங்கிலமாக 1812இல் வரைந்தவர் இவரே. வேல்ஸ் இளவரசர் என்ற பட்டத்தையும், திமிங்கிலத்தைக் குறிக்கும் 'வேல்' என்ற ஆங்கிலச் சொல்லையும் முடிச்சுப் போட்ட குறும்பு! 1797 முதல் இங்கிலாந்து வங்கி ஒரு பவுன் தாள் நோட்டுகளை வெளியிட்டது. கள்ளத்தனமாக அச்சிடுவது எளிது. ஏமாந்து வாங்கிக் கைமாற்றுவது அதனினும் எளிது. தண்டனையோ தூக்கு! 1797க்கும் 1821க்கும் இடையே 300க்கும் மேற்பட்டோர் இக்குற்றங்களுக்காகத் தூக்கிலிடப்பட்டனர். குரூக்‌ஷாங்க் 1819இல் ஒரு 'நோட்டு' வரைந்தார். அதில் வரிசையாகத் தொங்கும் ஆண்களும் பெண்களும், பவுனைக் குறிக்கும் எழுத்தோ வளைந்து கிடக்கும் தூக்குக் கயிறு, பிரிட்டானியத் தாய் தன் பிள்ளையையே தின்கிறாள், கையொப்பமிட்டவன் தூக்கிலிடுபவன்! ஹோனின் கடைமுன் கூடிய கூட்டத்தால் வீதியே அடைபட்டது. தூக்குத் தண்டனையை நிறுத்தியது தம் படமே என்று ஓவியர் முதுமையில் பெருமை பேசிக்கொண்டதை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சட்டம் தளர்வதற்கு மேலும் ஆண்டுகள் பல ஆயின. ஆனால் வங்கியின் கணக்கேட்டில் எண்களாகக் கிடந்த பிணங்களை மக்கள் கண்முன் தொங்கவிட்டது அந்தப் படம் அல்லவா?

அதே 1819, ஆகஸ்டு 16. மான்செஸ்டர் நகரின் செயின்ட் பீட்டர் திடல். ஏறக்குறைய 60,000 மக்கள் கூடியிருந்தனர். வாக்குரிமை கேட்க வந்தவர்கள், குழந்தைகளோடு வந்தவர்கள், படைக்கலமின்றி வந்தவர்கள். ஆட்கள் இல்லாத பழைய சாரம் மேட்டுக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு உறுப்பினர். ஆலைப்புகை சூழ்ந்த மான்செஸ்டருக்கு ஒருவரும் இல்லை! இது நியாயமா என்று கேட்ட மக்கள்மீது குதிரைப்படை வாளோடு பாய்ந்தது. குறைந்தது 15 பேர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் வெட்டும் மிதியும் பட்டனர். வாட்டர்லூப் போரின் பெயரை நையாண்டியாகத் திருப்பி 'பீட்டர்லூ' என்றனர் மக்கள். அரசுப் பொறுப்பை ஏற்றிருந்த இளவரசரோ, வாளை ஏவிய நீதிபதிகளுக்கு நன்றி தெரிவித்தார்!

அந்த ஆண்டின் இறுதியில் ஹோனும் குரூக்‌ஷாங்கும் ஒரு சிறு நூல் வெளியிட்டனர். 'ஜாக் கட்டிய அரசியல் வீடு' என்று பெயர். மழலையர் பாட்டின் மெட்டு; 13 படங்கள்; விலை ஒரு ஷில்லிங். இம்முறை செப்புத் தகடு இல்லை, மரக்கட்டை! செப்புத் தகட்டைத் தனியே அச்சிட வேண்டும். மரக்கட்டையையோ எழுத்துகளோடு சேர்த்து ஒரே அச்சில் ஏற்றலாம்; ஆயிரக்கணக்கில் ஓட்டலாம்; மலிவாக விற்கலாம். சீமான்கள் வாங்கிய சிரிப்பு தெருவுக்கு வந்தது தொழில்நுட்பம் திறந்த இந்த வாசல் வழியேதான். முகப்பில் ஒரு தராசு. ஒரு தட்டில் வாள். மறு தட்டில் எழுதுகோல். தாழ்ந்து நிற்பது எழுதுகோலின் தட்டு! உள்ளே, தொந்தி பிதுங்க இடுப்பை இறுக்கி, மயில் இறகு சூடி நிற்கும் இளவரசர்; கந்தல் உடுத்த மக்கள்; அவர்களுக்குப் பின்னே வெட்டும் குதிரை வீரர்கள். ஏறக்குறைய ஓர் இலட்சம் படிகள் விற்றன. அரசு என்ன செய்தது? ஆறு சட்டங்களை அதே டிசம்பரில் நிறைவேற்றியது. மலிவு விலை ஏடுகளுக்கு முத்திரை வரி. நிந்தனை எழுதி இரண்டாம் முறை சிக்கியவனை நாடு கடத்தவும் வழி! பொறுமைசாலிகளின் கைவண்ணத்தைப் பார்த்தீர்களா?

ஆனால் சட்டத்தைவிடக் கூரிய கருவி அரண்மனையில் இருந்தது. 1820இல் இளவரசர் நான்காம் ஜார்ஜ் மன்னராக முடிசூட்டிக்கொள்ளும் உரிமை பெற்றார். அவ்வாண்டு ஜூன் திங்களில் குரூக்‌ஷாங்குக்கு 100 பவுன் வழங்கப்பட்டது. எதற்காக? மாட்சிமை தங்கிய மன்னரை ஒழுக்கக்கேடான நிலையில் வரைவதில்லை என்ற வாக்குறுதிக்காக! மன்னர் ஒழுக்கக்கேட்டை விடுவதாக வாக்களிக்கவில்லை, தோழர்களே! ஓவியர் அதை வரையாமல் விடுவதாக வாக்களித்தார்! திருடன் திருட்டை விடமாட்டான். விளக்கை மட்டும் அணைத்துவிட வேண்டும். எண்ணெய்க்கு ஈடாக நூறு பவுன்!

நேர்மைக்காக இதையும் சொல்லிவிட வேண்டும்: பணம் பெற்ற கை உடனே அடங்கிவிடவில்லை. மன்னர் தம் மனைவி கேரோலினை விலக்க முயன்ற அதே ஆண்டில், ஹோனோடு சேர்ந்து அந்த மணவாழ்வின் கதையைப் படிப்படியாய் ஏறி இறங்கும் ஏணியாகத் தீட்டினார் குரூக்‌ஷாங்க். ஆயினும் பத்தாண்டுகளுக்குள் அவர் அரசியலைவிட்டு அகன்றார். கதை நூல்களுக்குப் படம் வரைந்தார். டிக்கன்சின் 'ஆலிவர் டுவிஸ்ட்' அவற்றுள் ஒன்று. அதில் குறையில்லை, அழகிய படங்கள். குறை எங்கே என்றால், 1867இல் அவர் வெளியிட்ட 'பிரிட்டானியத் தேன்கூடு' என்ற படத்தில். உச்சியில் அரசி, அடியில் வங்கியும் படையும், இடையே அடுக்கடுக்காக அறைகள். அறைக்கொரு தொழில். அவரவர் அறையில் அவரவர்; மேலே இருப்பவன் மேலே, கீழே இருப்பவன் கீழே! எதற்காக வெளியிட்டார்? தொழிலாளருக்கு வாக்குரிமை விரிவாக்கும் சீர்திருத்தத்தை எதிர்ப்பதற்காக! பீட்டர்லூவில் வெட்டுண்டவர்கள் கேட்டது எதுவோ, அதையே மறுத்து நின்றது, அவர்களுக்காகக் கண்ணீரும் கனலும் சிந்திய அதே தூரிகை! அந்தோ! அந்த நூறு பவுன் அன்று வாங்கியது ஒரு வாக்குறுதியை. காலமும் வசதியும் மீதியை வாங்கிக்கொண்டன.

இனி 'பஞ்ச்' வார இதழ். 1841 ஜூலையில் பிறந்தது. பிறந்தபோது நல்ல பிள்ளை. 1843இல், நாடாளுமன்ற மாளிகையை அழகுசெய்யும் ஓவியங்களின் மாதிரிகள் பொருட்காட்சியாக வைக்கப்பட்டன. அந்த மாதிரி வரைவுகளுக்கு ஆங்கிலத்தில் 'கார்ட்டூன்' என்று பெயர். ஜான் லீச் ஒரு படம் வரைந்தார்: பசித்த ஏழைகள், கால் ஊனமுற்றவர்கள், கந்தல் உடுத்த குழந்தைகள், தங்க விளிம்பிட்ட ஓவியங்களை வாய்பிளந்து பார்க்கிறார்கள். சோறு கேட்டவனுக்குச் சித்திரம்! அதற்குப் 'பஞ்ச்' இட்ட தலைப்பு: 'கார்ட்டூன், எண் 1'. இன்று உலகமெல்லாம் வழங்கும் அந்தச் சொல், வறியவன் பக்கம் நின்ற நாளில்தான் இந்தப் பொருளைப் பெற்றது. இதை நாம் மறக்கலாகாது.

மறந்தது 'பஞ்ச்'தான்! சீமான்களின் கூடத்தில் இடம் கிடைத்தது. அமைச்சர்கள் தங்கள் படம் வந்தால் வெட்டிச் சட்டமிட்டு மாட்டினார்கள். கடித்த நாய் வாலாட்டத் தொடங்கியது. வாலாட்டும் நாய் கடிக்காது என்பதில்லை. கந்தல் உடுத்தவனைக் கண்டால் கடிக்கும்! அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகி, 1845 முதல் சில ஆண்டுகளில் ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மடிந்தார்கள். 1849இல் லீச் வரைந்தது என்ன? ஆங்கிலத் தொழிலாளியின் முதுகில் பணமூட்டையோடு ஏறிச் சவாரி செய்யும் அயர்லாந்துக்காரன்! செத்துக்கொண்டிருந்தவன் சுமையாம்! 1882இல் ஜான் டென்னியலின் படத்தில் அதே அயர்லாந்துக்காரன் கத்தி ஏந்திய அரக்கன் ஆனான்.

நம் நாட்டுக்கு வருவோம். 1857இல் சிப்பாய்களின் எழுச்சி. ஆகஸ்டில் டென்னியல் வரைந்தார்: வங்கப் புலிமேல் பாயும் பிரிட்டானியச் சிங்கம். செப்டம்பரில் மற்றொன்று. 'நீதி' என்று தலைப்பு! நீதித்தாய் வாளோங்கி இந்திய வீரர்களை வெட்டிச் சாய்க்கிறாள். பின்னே அஞ்சி ஒடுங்கும் பெண்களும் பிள்ளைகளும். எழுச்சியில் ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டது உண்மை, அது கொடுமையே. ஆனால் பழிக்குப் பழியாகச் சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தபோது, கண்டபடி தண்டிக்க வேண்டாம் என்று ஓரளவேனும் தடுத்தவர் கவர்னர் ஜெனரல் கேனிங் பிரபு. கில்ரேக்குப் பணம் வாங்கித் தந்தாரே, ஹோனின் வாயில் விழுந்தாரே, அந்த ஜார்ஜ் கேனிங்கின் மகன்! அக்டோபரில் 'பஞ்ச்' அவரையே கேலி செய்தது. சிப்பாயின் தலையைத் தடவிக் கொஞ்சும் கோழையாகக் காட்டியது. கவனியுங்கள்! 1819இல் கேலிச் சித்திரம் ஆட்சியாளனை நகைத்தது, அவன் வாளை உருவியதற்காக. 1857இல் ஆட்சியாளனை நகைத்தது, அவன் வாளைப் போதுமளவு வீசவில்லை என்பதற்காக! நாற்பதாண்டுக்குள் நகைப்பு எங்கிருந்து எங்கே போய்விட்டது! 1893இல் டென்னியலுக்கு அரசி 'சர்' பட்டம் வழங்கினார். சரிதானே? கடைசியில் பையன் வகுப்புத் தலைவனாகிவிட்டான்!

சரி, உள்நாட்டில் கேலியைப் பொறுத்தவர்கள் கடல் கடந்த நாட்டிலும் பொறுத்தார்களா? 1906இல் சென்னையில் தோன்றிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் கருத்துப் படங்களை வெளியிட்டார். தமிழ் ஏடுகளில் அரசியல் கேலிச் சித்திரத்துக்கு வழிகாட்டியது அந்த ஏடு. 1908இல் அதன் சட்டப்படியான ஆசிரியர் அரசு நிந்தனைக் குற்றத்துக்காகச் சிறை புகுந்தார். பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுவைக்குச் சென்றார். ஏடும் அங்கிருந்து வெளிவர நேர்ந்தது. பெருந்தன்மையாளர்களின் பெருந்தன்மை சூயஸ் கால்வாயைத் தாண்டி வரவில்லை போலும்!

'கேலி என்பதே கீழ்த்தரம். ஒருவர் தொந்தியையும் மூக்கையும் வரைவது பண்பா?' என்று கேட்போரும் உண்டு. அந்தப் படங்களில் பண்பற்றவை பல உண்டு, மறுக்கவில்லை. கில்ரே ஏழைப் புரட்சிக்காரனைக் காட்டுமிராண்டியாக்கினார். வேறு பலர் பெண்களின் மானத்தைச் சந்தியில் வைத்தனர். ஆனால் அளவுகோல் பண்பா, பண்பின்மையா என்பதன்று. படம் மேல்நோக்கி எறியப்படுகிறதா, கீழ்நோக்கி எறியப்படுகிறதா என்பதே அளவுகோல். தொந்தி பெருத்தவனை நகைப்பது கலை அன்று. ஊர்ப் பசியில் பெருத்த தொந்தியை நகைப்பது கலை. கல்லை மேல்நோக்கி எறிபவனுக்கு ஆபத்து உண்டு. அது அவன் தலையிலேயே விழலாம். கீழ்நோக்கி எறிபவனுக்கு ஆபத்து இல்லை, பதக்கம் உண்டு. ஒரு நையாண்டிக் கலைஞன் எந்தப் பக்கம் என்று அறிய அவன் படத்தைக்கூடப் பார்க்க வேண்டாம். அவனுக்கு வருவது அழைப்பாணையா, அழைப்பிதழா என்று பாருங்கள், போதும்!

ஆகவே எழுதுகோலும் தூரிகையும் ஏந்தும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இது. வழக்குமன்றத்தைக் கண்டு அஞ்சாதீர்கள். ஹோன் அங்கே வென்றார். விருந்து மண்டபத்தைக் கண்டு அஞ்சுங்கள். கில்ரேயும் டென்னியலும் அங்கேதான் தோற்றார்கள். அதிகாரம் உங்கள்மேல் சீறும்போது நீங்கள் சரியாக வரைகிறீர்கள் என்று பொருள். அது உங்கள் தோளைத் தட்டும்போது, எழுதியதை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கரும்பலகைக்கு வருவோம். பையனைத் தலைமையாசிரியரிடம் நாம் அனுப்பவில்லை. வகுப்புத் தலைவனாகவும் ஆக்கவில்லை. யார் வரைந்தது என்று கேட்கவும் இல்லை. படத்தை அழிக்காமல், பலகையின் மறுபாதியில் அன்றைய பாடத்தை எழுதி நடத்தினோம். நடத்தும்போது ஒன்று தெரிந்தது: மணியடிக்கும்வரை பேசியவர் நாம் ஒருவரே; ஒரு கேள்வியும் ஒரு பிள்ளையையும் கேட்கவிடவில்லை. படம் சொன்னது மெய்!

மறுநாள் முதல், பாட வேளையின் கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகள் பேச, நாம் கேட்கிறோம். ஆண்டிறுதியில் அவன் மீண்டும் வரையட்டும். செவி கொஞ்சம் வளர்ந்திருக்கிறதா என்று அந்தச் சுண்ணக்கட்டியே தீர்ப்புச் சொல்லட்டும்!